இருபதுக்குப் பதினெட்டு

கராகோல் நகரத் தேர்வு அறைக்கு
நான் பதினோரு பேர்.
யாருக்கும் தெரியாது. அதுதானே தொழில்.

சனிக்கிழமை காலை ஒருவன் பெயரைப்
பையில் போட்டுக்கொண்டு கிளம்புவேன்:
அடையாள அட்டை, ரசீது,
சில சமயம் அவனுடைய தொப்பியும்.
மேசைக்காரி படத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்.
அரசாங்கப் படத்தில் எல்லோருமே
இரண்டு நாள் தூங்காதவர்கள்தான்.
"இளைத்துவிட்டீர்கள்" என்றாள் ஒருமுறை.
"வயிறு சரியில்லை" என்றேன்,
யாருடைய வயிறு என்று யோசிக்காமல்.

கையெழுத்தைத்தான் முந்தின இரவு பழகவேண்டும்.
ஒருவன் தன் பெயரின் கடைசி எழுத்தை
வாலைச் சுருட்டிப் படுத்த நாய் மாதிரிப் போடுவான்.
அது என் விரலைவிட்டுப் போக ஒரு வாரம் ஆயிற்று.
பால் கணக்கில்கூட அந்த நாய்.

இருபது கேள்விகள். முக்கோணப் பலகை, வட்டப் பலகை,
பனியில் வண்டி நிற்க எத்தனை மீட்டர்.
பதினெட்டு போதும்.
முழுதும் சரியென்றால் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள்,
அதனால் இரண்டை வேண்டுமென்றே விடுவேன்.

எனக்கு உரிமம் கிடையாது.
என் பெயரில் எழுத எவனும் காசு தரவில்லை.

ஏப்ரலில் செய்தித்தாளில் நான் செத்திருந்தேன்:
குபாத் அலிம்குலோவ், முப்பத்து நான்கு,
கணவாயில் வேன் உருண்டு.
கூட நால்வர்.
அவர்கள் பெயரை நான் எழுதியதில்லை.

போனேன்.
முற்றத்தில் கம்பளிக் கூடாரம்,
உள்ளே சுவரைப் பார்த்தபடி பெண்களின் ஒப்பாரி.
ஆண்கள் தூரத்திலிருந்தே
கத்தி அழுதுகொண்டு வரவேண்டும், அங்கே வழக்கம்.
முன்னால் போனவனைப் பார்த்து நானும் அழுதேன்.
பாதி வழியில் அது நிஜமாகிவிட்டது,
அல்லது
நன்றாக வந்துவிட்டது.

"நீங்கள்?" என்றான் அவன் அண்ணன்.
"பரீட்சை எழுதியபோது பழக்கம்."
"ஒரு பலகை தெரியாது அவனுக்கு,
எப்படித்தான் தேறினானோ" என்று
தேநீர் ஊற்றினான்,
மதிப்புள்ள விருந்தாளிக்கு ஊற்றுவதுபோல்
அரைக் கிண்ணம்.
குடித்தேன். இன்னும் அரை. அதையும் குடித்தேன்.

திரும்பும் வேனில் முன் இருக்கைதான் கிடைத்தது.
ஓட்டுநன் சூரியகாந்தி விதை உடைத்தபடி
ஒரு கையால் ஓட்டினான்.
கண்ணாடிக்குக் கீழே செருகிய உரிமத்தில்
யாரோ ஒரு எர்மெக். பெயர் நினைவில்லை.
பெயருக்குக் கீழே
வாலைச் சுருட்டிப் படுத்த நாய்.

அவன் என்னைப் பார்த்ததில்லை, எல்லாம் தரகன் வழியாக.
"குளிருதா அண்ணே?" என்று கேட்டான்.
பெல்ட்டைத் தேடினேன்.
எப்போதோ அறுத்து எடுத்திருந்தார்கள்.

எதிரே சாலை
பாறைக்குப் பின்னால் வளைந்து மறைகிறது.
இந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்பது
பதினான்காவது கேள்வி.

அன்று நான் விட்ட இரண்டில் ஒன்று.