பருவம் தப்பி வெட்டியது

ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் பைகளில்
சதுப்பிலிருந்து வருகின்றன கம்பங்கள்.
லுப்லியானாவுக்குத் தெற்கே, ஒரு காலத்தில் ஏரி.
ஐயாயிரம் ஆண்டு நீருக்கடியில் நின்ற மரம்
கன்னங்கரேலென்று இருக்கிறது.
அறுத்தால் வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவே ஒரு மென்மை.
சவரப் பிளேடு போதும்.

காயவிட்டால் போச்சு.
ஒரே மதியத்தில் சுருண்டு
யாருமே வாழாத ஊராகிவிடும்.

ஆஷ் மரம் நூற்றுப் பதினொன்று. அத்தனையும் குளிர்கால வெட்டு.
கடைசி வளையம் முடிந்து மூடிக்கொண்டபின்
வசந்தத்தின் பெருந்துளைகள் திறக்குமுன்
கல்கோடரி விழுந்திருக்கிறது.
இலையில்லாக் காடு, உறைந்த தரை, இழுத்துவரச் சுலபம்.
விவரமானவர்கள்.

நடுவில் மூன்று வளையம் மட்டும் நூல்போல.
மழை பொய்த்திருக்கும் என்கிறான் ஓட்மார்.
இல்லை, கோடையில் கிளை கழித்து
ஆட்டுக்கு உலர்த்தி வைத்திருக்கிறார்கள் என்கிறாள் யெர்நேயா.
அவள் மேசையில் ஆட்டுப்புழுக்கை.
பிட்டால் உள்ளே ஹேசல் மகரந்தம், ஐவி இலைத் துணுக்கு.
பனிமூடிய மாதத்தில்
கட்டிக்கிடந்த வாய்களுக்காக யாரோ பச்சை தேடி அலைந்திருக்கிறார்கள்.
செவ்வாய்க்கிழமையிலிருந்து
இருவருக்கும் பேச்சில்லை.

இன்று பை இருநூற்றுப் பன்னிரண்டு.
பாப்ளர்.
சீக்கிரம் உளுத்துப்போகிற மரம், அவர்களுக்குத் தெரியாததா?
என் கணுக்கால் பருமன்.
பட்டையைக்கூடச் சீவவில்லை.
நுண்ணோக்கியில் அந்தப் பட்டைக்கு அடியில்
புதுச் செல்கள், ஒரே ஒரு வரிசை.
மரம் கண்விழித்த பிறகு வெட்டியது.

விதைக்க வேண்டிய வாரத்தில்
விதைப்பை விட்டுவிட்டுக் கோடரியோடு போய்
கிட்டத்தில் நின்றதைச் சாய்த்திருக்கிறார் ஒருவர்.
தீப்பிடித்ததா, நீர் ஏறியதா,
சொல்லாமல் வந்திறங்கிய உறவா,
இனி இந்தக் கூரைக்குக் கீழே வேண்டாம் என்று
வெளியேறிய ஒருத்தியா?
மாதம் வரைக்கும் சொல்கிறது.
ஏன் என்று கேட்டால்
மரம்மாதிரி நிற்கிறது.

அந்தக் கம்பத்தடி மண்ணைச் சலித்தேன்.
கரிந்த காட்டு ஆப்பிள், பாதியாக அரிந்து உலர்த்தியது,
விதையறை ஐந்தும் அப்படியே.
மீன்செதில். பாசிக் கொத்து.
ராஸ்பெர்ரி விதை நாற்பது,
நாற்பதும் ஒருவர் வயிற்றைக் கடந்து வந்தவை.

நாற்பத்தொன்றாவது பழுப்பாய் மின்னியது.
காலையில் நின்றபடியே கடித்த ரொட்டி,
அதன் ஜாம்.
சட்டைக் கையில் ஒட்டி வந்திருக்க வேண்டும்.
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்:
அதே பருமன், அதே வலைப்பின்னல், அதே வளைவு.
நிறத்தில் மட்டும்தான்
ஐயாயிரம் வருஷம்.

ஆய்வகத்தில் தின்பண்டம் கூடாது என்று
கதவில் ஒட்டியதே நான்தான்.
பதிவேட்டில் நாற்பது என்று எழுதினேன்.
மிச்சத்தை, யாரும் பார்க்காதபோது,
வாயில் போட்டுக்கொண்டேன்.
கடைவாய்ப்பல் இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது.
சாயங்காலம் பேருந்தில்,
வயல்களாகிவிட்ட ஏரியைத் தாண்டும்போதும்
நாக்கு அதையே
துழாவிக்கொண்டிருந்தது.