தூந்திரத்துக்கு உப்பு

எந்தப் பெட்டியைத் திறந்தாலும்
வெள்ளை கிரேயான் மட்டும் புதிதாகவே இருக்கும்.
வெள்ளைத் தாளில் அதனால் எதை வரைந்தாலும்
ஒன்றுமில்லை.

வடதுருவத்து ஓரத்தை எதைக்கொண்டு நிரப்புவது?
திருப்பாலைக்குடி நாலாம் வகுப்பு
திகைத்து நின்ற நேரம் அது.
நவம்பர். மழை சற்றே ஓய்ந்திருந்தது.
நான்கு சார்ட்டுகளை ஒட்டி
உலகத்தைச் சுவரில் ஏற்றியிருந்தோம்.

"கலர் வேணாம் டீச்சர், சாமானா ஒட்டுவோம்"
என்றவன் சீனி அஸ்லம்.

பாலைவனம் சுலபம்.
கடற்கரை மணலோடு வந்த நண்டுக்கால் ஒன்று
சஹாராவில் ஒட்டிக்கொண்டது.
எடுக்கவில்லை.
அங்கும் ஒருகாலம் கடல் கிடந்ததாம்.

'ஊசியிலைக் காடு' என்று வாசித்ததுமே
சவுக்குத் தோப்புக்கு ஓடிவிட்டார்கள்.
சவுக்கு அந்தக் குடும்பமே இல்லை.
கை நிறைய ஊசிகளோடு மூச்சு வாங்க நிற்பவர்களிடம்
அதை எப்படிச் சொல்ல?
மறுநாள்தான் சொன்னேன்.

அமேசானுக்கும் காங்கோவுக்கும்
சத்துணவுக்கூடத்து முருங்கைக்கீரை.
மூன்றாம் நாளே மஞ்சளாகி உதிர்ந்தது.
"தினம் மழை பெய்யணும்ல, நாம தெளிக்கவே இல்லையே"
என்று என்னைப் பார்த்தாள் ரிஸ்வானா,
காடு செத்ததற்கு நான் பொறுப்பு என்பதுபோல்.

வானிலைக்கும் காலநிலைக்கும் என்ன வித்தியாசம்?
புத்தகத்து விடையை எல்லோரும் ஒப்பித்தார்கள்.
முனீஸ்வரி மட்டும் யோசித்து,
"வானிலை கோவம் டீச்சர். காலநிலை குணம்.
எங்கப்பா இன்னைக்கு மட்டும் கத்துனா வானிலை.
தினமும்னா..."
என்று நிறுத்திவிட்டு
பசைக்கிண்ணத்தைக் கிண்டத் தொடங்கினாள்.

"நம்ம ஊர் பேர்லயே பாலை இருக்கே,
அப்ப நாம பாலைவனமா?"
கேட்டவன் யாரென்று தெரியவில்லை, பின்வரிசை.
ஜன்னலுக்கு வெளியே கடல்.
மேற்கே நடந்தால் சீமைக்கருவேலம்,
ஆடியில் பாளம் பாளமாக வெடித்துக்கிடக்கும்
அதே கண்மாயில் இப்போது முழங்கால் தண்ணீர்.
வெப்பமண்டலம் என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.
அது போதாது என்று
எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

உப்பு, முனீஸ்வரி கொண்டுவந்தது.
அவள் அம்மா உப்பூர் அளத்தில் வேலை.
தூக்குச்சட்டி நிறையக் கல்லுப்பு.
சைபீரியாவின் உச்சியில் பசை தடவி
அள்ளி அள்ளி அப்பினார்கள்.
மண்ணுக்கடியில் எந்நாளும் உறைபனி,
மரம் கிடையாது, பாசிதான், குட்டைச்செடிதான்
என்று நான் சொல்லச் சொல்ல
தூந்திரம் வெயிலில் மினுங்கியது.
நம் ஊருக்கு அஸ்லம்
ஒற்றை மீன்செதில் ஒட்டினான்.

"அங்கன யாரு டீச்சர் இருப்பா?"
கோடையில் உள்ளான் போய்க் குஞ்சு பொரிக்கும் என்றேன்.
"எந்த உள்ளான்? நம்ம சேத்துல
குடுகுடுன்னு ஓடுமே, அதுவா?"
அதேதான்.
வகுப்பு சிரித்தது.
உள்ளங்கையளவு குருவி
அவ்வளவு தூரம் எப்படி வரும்?
டீச்சர் கதை விடுகிறார்.

அன்றிரவு கொண்டல் வீசியது.
ஓட்டிடுக்கெல்லாம் ஈரம்.
காலையில் பூட்டைத் திறந்தால்
தூந்திரம் வியர்த்துக் கரைந்திருந்தது.
பாதி உப்பு தரையில்.
மீதி நீராகி
டைகாவின் சவுக்கு ஊசிகளுக்குள் புகுந்து,
இமயத்தை எப்படியோ தாண்டி,
கோணல் கோடாக இறங்கி வந்து
மீன்செதிலுக்கு ஒரு விரல் மேலே நின்றிருந்தது.

அழுதுவிடுவார்களோ என்று பயந்தேன்.
துடைக்கத் துணி தேடினேன்.

"துடைக்காதீங்க டீச்சர்,"
என்று கையைப் பிடித்தாள் முனீஸ்வரி.
"உள்ளான் வர்ற வழி."