நாலு மீட்டர்

ஆறு நாள் எனக்கு ஓட்டை தேடும் வேலை.
திருப்பூரில், டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசைமேல்
பனியன் துணி உருண்டு போகும்.
ஊசி விட்ட இடம், நூல் அறுந்த இடம்,
எண்ணெய்க் கறை. கண்டால்
சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும்.
ஏழாம் நாளும் அதேதான், வேலியில்.

வடக்கே பதினொன்று, கிழக்கே எழுபத்தேழு.
அதற்குப் பின்னால் வரும் புள்ளிகள்தான் விஷயம்.
காங்கேயம் தாண்டிக் காற்றாலை ரோட்டில்
வண்டியை நிறுத்திவிட்டு
போனை உள்ளங்கையில் ஏந்தி நடந்தேன்,
தளும்பும் சொம்பைப் போல.
பதினெட்டு மீட்டர். பதினொன்று. ஏழு.
நாலில் நின்றுவிட்டது.
நாலு மீட்டர் பிழை இருக்கும் என்கிறது வானம்.
மீதியை நீ பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

மேசைமேல் நாலு மீட்டர் இருபது நொடி.
இங்கே அது ஒரு கொறங்காட்டு மூலை:
கிளுவை வேலி, கோணல் படல்,
எழுபத்து மூன்று கல் (எண்ணினேன்),
ஒரு வெள்வேல மரம்,
அதன் முள் இப்போது என் செருப்பில்.

ஒளித்தவர் யாரென்று தெரியாது.
நொய்யல்நரி என்று பேர் வைத்திருக்கிறார்.
கொடுத்த துப்பு ஒரே வரி: மூக்கை நம்பு.
நம்பினேன். ஆட்டுப்புழுக்கை வாசம் வந்தது.

பால் கேன் வண்டி ஒன்று நின்றது.
"ஏனுங்க, என்னத்தைங்க தேடறீங்கோ?"

யாரோ ஒளித்ததை, என்று சொல்லியிருக்கலாம்.
செயற்கைக்கோள் பார்த்து ஆடும் ஆட்டம்,
பணம் இல்லை, நகை இல்லை,
நோட்டில் பேரெழுதித் திரும்ப வைப்போம், அவ்வளவுதான்
என்று நம்பவைப்பதற்குள்
பால் திரிந்துவிடும்.
"பாம்புங்க" என்றேன்.

அங்கேதான் தப்புச் செய்தேன்.
கேனை இறக்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார்.
கம்பொன்று முறித்தார்.
"விரியனுங்களா, நல்லதுங்களா?"

அரை மணி நேரம்
இல்லாத பாம்பை அவரும்
இருக்கிற டப்பாவை நானும்
ஒரே வேலியில் தேடினோம்.
அவர் தேடல்தான் சுத்தம்.
தூர் தூராகத் தட்டி, காது கொடுத்து, அடுத்தது.
ஒருமுறை கம்பு டொக்கென்றது.
"கல்லுங்க" என்று நகர்ந்தார்.
நான் மூச்சு விடவில்லை.

அவர் போனபின் அந்தத் தூரில் கை விட்டேன்.
நானே கிளப்பிய பாம்பு
நிஜமாக உள்ளே இருக்கும்போல் இருந்தது.

பெருங்காய டப்பா. பச்சை பெயிண்ட்.
மூடியைத் திருக, சாம்பார் கொதிக்கும் வீடொன்று
வேலிக்குள்ளிருந்து வெளியே வந்தது.
உள்ளே பம்பரம், பொத்தான், நோட்டு.
பென்சில் இல்லை.
நோட்டில் பதினான்கு பேர், ஒன்றும் நிஜப் பேரில்லை.
பதினைந்தாவது மட்டும் நீலப் பேனாவில்:

"ஆடு முட்டி விழுந்துதுங்க. தொறந்து பாத்துட்டேன், மன்னிச்சுக்குங்க.
பையன் நாளைக்குப் படம் வரையோணும், பென்சில் எடுத்துக்கிட்டேன்.
முடிஞ்சதும் கொண்டாந்து வெச்சர்றனுங்க.
மல்லீஸ்வரி."

எழுதாவிட்டால் கண்டதாகக் கணக்கில்லை.
என் பையில் பேனா இல்லை.
பர்சைத் துழாவ, மேசையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த
சிவப்பு அம்பு ஒன்று.
அவள் பேருக்குக் கீழே அதை ஒட்டி
டப்பாவைத் தூருக்குள் தள்ளினேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன்.
இப்போது போன் வேண்டியிருக்கவில்லை.
பென்சில் வந்திருந்தது, சுண்டுவிரல் நீளத்தில்,
பிளேடால் சீவி, பின்முனையில் பல் தடத்தோடு.
நோட்டைத் திறந்தேன்.
என் அம்புக்கு நாலு கால், கொம்பு, வால்.
மேயப் போகும் ஆடு.

அது நிற்கும் இடம் போக
ஓரத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது.
பென்சிலை நுனிவிரலில் பிடித்து
சென்னியப்பன் என்று சின்னதாக எழுதினேன்.