மிச்சக் காசு

அப்பாவுக்கு அது இன்னும் மாங்காய்தான்.
"என்னடி, விடியவிடிய மாங்காய் வாசிக்கிறாய்?"
மங்கா, அப்பா. யப்பான்காரரின் படக்கதை.
வலமிருந்து இடமாகப் போகும்.
அது தெரியாத முதல்நாள்
அவன் "இல்லை" என்றான்,
அடுத்த கட்டத்தில்தான் அவள் கேட்டாள்.

வினுசன் போனில் ஏற்றித் தந்தான்,
மாங்குளம் சந்தியில் அவன் திருத்துகிற கடை.
நூற்றிப் பன்னிரண்டு அத்தியாயம்,
கடைசி ஒன்று மட்டும் இனித்தான் வருமாம்.
எனக்கும் தேனருவிக்கும்
ஒரே நாள், ஒரே கோப்பு, ஒரே சிரிப்பு.
அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கதையில் ஒரு பொடியன், இரண்டு பெட்டைகள்.
ஒருத்தி மழையோடு வந்து சேர்ந்த புதுப்பிள்ளை.
மற்றவள் பக்கத்து வீடு.
அவன் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தவள்,
அவன் செருப்பின் அளவு தெரிந்தவள்,
அதனாலேயே
முதலாம் அத்தியாயத்தில் தோற்றுப்போனவள்.
மயிரைக் கட்டையாக வெட்டினவள்
வென்றதாக எந்தக் கதையிலும் இல்லை
என்றாள் தேனருவி.
எனக்கு அப்போது கட்டை மயிர்.

கார்மென்ட்ஸ் பஸ் ஐந்தரைக்கு.
முறிகண்டியில் பிள்ளையாருக்கு நிற்கும்.
சாரதி கற்பூரம் கொளுத்தித்
திருநீறு பூசி வருவதற்குள் ஓர் அத்தியாயம்.
கச்சான் கோது மடியில் விழ விழச்
சண்டை பிடிப்போம்,
அவள் மழைக்காரிக்கு, நான் கஞ்சிக்காரிக்கு.
அந்த மாதம் நான் தைத்த காற்சட்டைகளில்
ஒரு கால் நீண்டு மறுகால் குறைந்ததற்கு
மேற்பார்வையாளர் கடைசிவரை
காரணம் கண்டுபிடிக்கவில்லை.

முடிவு வந்த அன்று
பனிக்கன்குளத்தில் சிக்னல் இல்லை.
படம் மேலிருந்து மெல்ல இறங்கியது.
வானம்.
பிறகு குடை.
பிறகு குடையைப் பிடித்த அவனுடைய கை.
குடைக்குள்ளே யார் என்பதற்கு
முறிகண்டி மட்டும் பொறுக்க வேண்டியிருந்தது.

தேனருவி கைதட்டினாள்,
பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
"இதல்லோ முடிவு! மனம் நிறைஞ்சு போச்சு."
பிறகு யன்னலைப் பார்த்தபடி, சின்னக் குரலில்,
"வினுசன் வீட்டில வந்து கேட்டிருக்கினம்."

அவன் பதில் வந்துவிட்டது.
நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.

தோற்றதில் எனக்குக் கோபமில்லை.
கடைசிப் பக்கத்தில் கஞ்சிக்காரிக்குப் பக்கத்தில்
ஒரு புதுப் பொடியனைக் கொண்டுவந்து நிறுத்தினார்களே,
பேர் இல்லை,
கண்கூடச் சரியாகக் கீறவில்லை,
அதுதான்.
மிச்சக் காசுக்கு
டொபி தருகிற கடைக்காரன் மாதிரி.
கணக்குச் சரியாம். எல்லாரும் சந்தோசமாம்.

கலியாணம் மல்லாவியில்.
தோழியாக நின்றது நான்தான்.
ஆவணி வெயில், மருந்துக்கும் மழை இல்லை,
யாரும் யாருக்கும் குடை பிடிக்க வழியில்லை.
சிரித்தேன். பொய்யில்லை.
தேனருவி வெட்கப்பட்டால்
மூக்குத்தான் முதலில் சிவக்கும்,
அதை அறிந்த ஆள் அந்த மண்டபத்தில் நான் ஒருத்தி.
"அக்கா, கொஞ்சம் வலப்பக்கம்" என்றான் படம் எடுப்பவன்.
"இன்னும் கொஞ்சம்."
"இன்னும்..."
படத்துக்கு வெளியே வந்துவிட்டேன்.
அங்கே பந்தியில் இடம் இருந்தது.
பாயாசம் இரண்டு தரம்.

மேடையிலிருந்து கண்ணால் கேட்டாள்.
தலையாட்டினேன்.
ஓமா இல்லையா என்று
அவளுக்குத் தெரியும். உங்களுக்கு வேண்டாம்.

நேற்றுப் போன் கண்ணாடி வெடித்துவிட்டது.
வினுசன் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தான்.
கடையில் ஒரு புதுப் பொடியன், நெடுங்கேணியாம்,
இடது புருவத்தில் தழும்பு.
திரையில் திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தான்.
"இது வலமிருந்தோ?"
"ஓம்."

ஆயிரத்து எண்ணூற்றித் தொண்ணூறு.
இரண்டாயிரம் நீட்டினேன்.
நூறு ரூபாய்த் தாளையும்
அதன்மேல் இரண்டு டொபியையும் வைத்தான்.

"டொபி வேண்டாம். காசு தாங்கோ."

லாச்சியை இழுத்துக் குனிந்து கிளறினான்,
ஆணி, சிம் மட்டை, பழைய பற்றரி.
ஒரு ஐந்து ரூபாய் அகப்பட்டது.
"மற்றது தேடுறன், நில்லுங்கோ."

பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.
நின்றேன்.