மேற்குச் சுவர், ஒரு மதிப்பீடு

செல்லம்பட்டி தாண்டி இரண்டாவது நிறுத்தம்.
"லுத்தரன் கோயில்" என்றேன். கண்டக்டர் விழித்தார்.
"கூர்மண்டைக் கோயிலா? அப்படிச் சொல்லுங்க."

டேப்பின் மறுமுனையைக்
கோயில்பிள்ளை தேவவரம் பிடித்துக்கொண்டார்.
நீளம் அறுபத்திரண்டு அடி, அகலம் இருபத்தெட்டு,
சுவர்ப் பருமன் இரண்டேகால்.
கூரைதான் கணக்குக்கு அடங்கவில்லை.
வரைபடம் கப்பலில் வந்ததாம்.
பனி சறுக்கி விழட்டும் என்று
எங்கோ ஒரு குளிரில் உட்கார்ந்து போட்ட சரிவு.
நூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைய
இங்கே அதில் சறுக்கியவை
புளியம்பூ, புறா எச்சம்,
ஓடு மாற்ற ஏறிய கொத்தனார் வெள்ளையன்.
(பிழைத்துக்கொண்டார். இடது கால் மட்டும்
இன்றைக்கும் சரிவாகத்தான் நடக்கிறது.)

காரையை நகத்தால் சுரண்டினேன்.
நகம் தேய்ந்தது.
கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி,
செக்குமாடு சுற்றிச் சுற்றி அரைத்த சுண்ணாம்பு.

வெடிப்பு மேற்குச் சுவரில்.
மழை என்றது கமிட்டி.
ரோடு போட்ட ரோலர் என்றார் பொருளாளர் ஞானாபரணம்.
வேப்பமர வேர் என்றார் ஐயரம்மா.
வெடிப்போ
தரையிலிருந்து நேராக ஏழடி ஏறி,
வளைந்து,
மூன்றரை அடி தள்ளி
நேராக இறங்கியிருந்தது.

வேர் இப்படிப் போகாது.
மழைக்கு வளைவு வரையத் தெரியாது.

தட்டினேன். சுவர் திம் என்றது.
கோட்டுக்குள் மட்டும் டக்.
உள்ளே சிமெண்ட். வேறு செங்கல். வேறு கை.
"இங்க வாசல் இருந்துச்சா?"

தேவவரம் டேப்பைச் சுருட்டத் தொடங்கினார்,
அளந்து முடிக்காமலே.
"எங்காளுக இதுல வருவாங்க.
அவுக முன்வாசல்ல.
பாட்டு ஒண்ணுதான். வேதம் ஒண்ணுதான்.
திருவிருந்துக் கிண்ணமும் ஒண்ணுதான்,
அவுக குடிச்ச பெறகு."

நாற்பத்தாறில் ஸ்தோத்திரராஜ் ஐயர்
ஒரு சனிக்கிழமை ராத்திரி
அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு
தானே கல் அடுக்கி அடைத்தாராம்.
சரிதான். மட்டப்பலகை காணாத வரிசைகள்.
பழைய சுவரோடு பல் கோர்க்கவில்லை.
பிரசங்கம் செய்த கை, அவ்வளவுதான் வரும்.

"மறுநாள் எல்லாரும் ஒரே வாசல்ல வந்தாங்களா?"
"எங்காளுக வந்தாங்க.
அவுக வர ரெண்டு வருசம் ஆச்சு."

வெளியே பொருளாளர் காத்திருந்தார்.
நூற்றாண்டு அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது.
"மேலாகப் பூசிட்டா போதாதா சார்?"
"திரும்ப விடும்."
"வேற வழி?"
"சிமெண்டை முழுசா பெயர்க்கணும்.
சுண்ணாம்புல, பழைய சுவரோட பல் கோர்த்து
மறுபடி கட்டணும்.
மூணு நாள் அந்த இடம் திறந்து கிடக்கும்."

பொருளாளர் செருப்பால் ஜல்லியை ஓரந்தள்ளினார்.
மதுரை பஸ் ஒன்று நிற்காமல் போயிற்று.

தேவவரம்தான் கேட்டார், என்னைப் பார்க்காமல்,
மணிக்கயிற்றின் முடிச்சை இறுக்கிக்கொண்டே:
"மூணு நாள்ல ஒண்ணு
ஞாயித்துக்கெழமையா வருமா சார்?"