அறுபது விநாடி அம்மா

ப்ராத்தோவில் இரவு இரண்டு மணிக்கு
அம்மா பேசத் தொடங்குகிறாள்.
ஒரு குரல்செய்திக்கு அறுபது விநாடி.
அதற்குமேல் வீசாட் வாயைப் பொத்திவிடும்.
பாதியில் அறுந்த சொல்லை
அடுத்த செய்தியில் முடிச்சுப்போட்டுத் தொடர்வாள்,
நூலறுந்தால் செய்வதுபோல.

நான் எழும்போது அவள் படுத்திருப்பாள்.
ஒரே வீடு, ஒரே குக்கர்,
இடையில் ஒரு செயலி.

எங்கள் வென்சோ பேச்சு
பெய்ஜிங்காரர்களுக்கே தலைகால் புரியாது.
பேருந்தில் சத்தமாகக் கேட்கக் கூசி
'எழுத்தாக மாற்று' என்பதை அழுத்துவேன்.
அதற்குத் தெரிந்தது மாண்டரின் மட்டும்.
"குளிர்பெட்டியில் அரிசிப் பணியாரம் இருக்கு" என்பதை
"மேற்கு வக்கீல் குளத்தில் ஆமை விற்றார்" என்று
பொறுப்பாக எழுதித் தரும்.

படம்பிடித்துப் போட்டேன்.
ஆமை வக்கீலுக்கு நாற்பதாயிரம் லைக்.
மத்ரீதிலிருந்து, பாரீஸின் புறநகரிலிருந்து
"எங்க வீட்டில் கழுதை டாக்டர்" என்றார்கள்.
ஒருத்தி மட்டும் வியந்தாள்:
"எவ்வளவு நன்றாக இத்தாலியன் பேசுகிறாய்!"
அவள் பிறந்த ஆஸ்பத்திரியில்தான்
நானும் பிறந்திருப்பேன்.
'க'வை 'ஹ'வாக மூச்சுவிடும் தொஸ்கானாக்காரி நான்.
பள்ளியில் ஒர்னெல்லா,
கடவுச்சீட்டில் பான் யூச்சிங்,
இப்போது ஊருக்கெல்லாம் ஆமை வக்கீல்.

பிப்ரவரியில் ஒரு செய்தி.
நடுவில் ஒரு சொல் எனக்கே பிடிபடவில்லை.
செயலி அதை "உப்பு" என்றது.
குரலையே ஏற்றிக் கேட்டேன், யாருக்காவது தெரியுமா?
மத்ரீத் சொன்னது: கைவிட்டுப் போனவளே.
பாரீஸ் சொன்னது: இல்லவே இல்லை,
பழைய கொஞ்சல், கண்ணே என்பதுபோல.
மிலானில் ஒரு பல் வைத்தியர்:
அது சாபம், உடனே போய் மன்னிப்புக் கேள்.
யார் அசல் வென்சோ, யார் தண்ணீர் கலந்தது என்று
இரண்டு நாள் முந்நூறு பேர் சண்டை.
எல்லாம் மாண்டரினிலும் ஸ்பானிஷிலும்.

மூன்றாம் இரவு பட்டறைக்கு நடந்தேன்.
பாதி இறங்கிய ஷட்டரில் குனிந்து நுழைந்தேன்.
இடது கட்டைவிரலால் திரையை அழுத்தி
வலது கையால் துணியைத் தள்ளியபடி
என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள்.
நான் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன்.

அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினேன்.
ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் சிரித்தாள்.
"அது உனக்கில்லை, நூலைத் திட்டினேன்.
அன்னைக்கு அறுந்துகிட்டே இருந்துது, சனியன்."

விடிந்ததும் இன்னொரு செய்தி.
அறுபது விநாடியில் ஒரு பேச்சு இல்லை.
அழுத்திய விரலை மறந்து தைத்திருக்கிறாள்.
இயந்திரம் மட்டும் தா தா தா என்று ஓடுகிறது.
மாண்டரின் காதுக்கு அந்த ஒலி
அவனும் அவளும் அதுவும் ஒன்றே.
எழுதும்போதுதான் பிரியவேண்டும்.
செயலி எழுதியிருந்தது:

அவள் அவள் அவள் அவள் அவள் அவள்

திரை முடியும்வரை.
ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

பேருந்தில் நல்ல கூட்டம்.
கைபேசியை வாயருகே வைத்து
எங்கள் பேச்சில் பதில் அனுப்பினேன், நான்கு விநாடி:
பணியாரம் தீர்ந்துபோச்சு.