முந்நூறு மீட்டர்

எனக்கு நீச்சல் தெரியாது.
இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது,
ஏனென்றால் என்னிடம் கடிகாரங்கள் ஏழு,
ஏழும் கடலுக்கடியில் போகிறவன் கட்டுகிறவை.

குடியாத்தம் சாலையில் எனக்கு ரிக் வண்டி இரண்டு ஓடுகிறது.
பாறையைத் துளைப்பது தொழில். ஒரு ராடு இருபது அடி.
ராடு இறங்கும் நேரத்தை பெசலைத் திருப்பிக் குறித்துக்கொள்வேன்.
மூச்சு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் செய்த வளையம் அது.
காசு எவ்வளவு மிச்சம் என்று
பக்கத்தில் நின்று பார்ப்பார் நிலத்துக்காரர்.

சப்மரைனர், மேல்விஷாரம் இம்தாதுல்லா
தோல் கண்காட்சிக்கு மிலான் போய் வந்தபின்
கடனுக்கு ஈடாகக் கழற்றிக் கொடுத்தது.
செய்கோ இரண்டும் பர்மா பஜார்.
ஒன்றில் ஹீலியம் வெளியேற வால்வு இருக்கிறது.
காட்பாடி வெயிலில் அது வழியாக என்ன வெளியேறும்
என்று அஞ்சுகம் கேட்டாள்.
நம்ம காசு, என்று அவளே பதிலும் சொன்னாள்.

டயலில் பொடி எழுத்தில் 300 மீ.
கணக்குப் போட்டால் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு அடி.
போன வைகாசியில் பள்ளிகொண்டா பக்கம்
அதையும் தாண்டினோம்.
புழுதி வந்தது. பிறகு வெள்ளைப் புழுதி.
ஏகவல்லி அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு
போதும் நைனா, நிறுத்திடு என்றார்.

ஏழாவதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பாபுராவ் தெரு லாட்ஜ், மூன்றாம் மாடி.
கதவில் வங்காள எழுத்து, நடையில் கடுகெண்ணெய் வாசனை,
ஜன்னல் கம்பியில் எக்ஸ்ரே கவர்கள்.
கப்பல் இன்ஜினியராம், நிர்மால்ய தாலுக்தார்.
மனைவிக்கு மறுநாள் ஆபரேஷன்.
ஒமேகா சீமாஸ்டர், நீல டயல், அதில் அலை அலையாகக் கோடு.
அவர் சொன்னது நியாயமான விலை.
நான் சொன்னது அப்படியல்ல.
கிரௌனைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பேசாமல் இருந்தால் விலை இறங்கும்.
இறங்கியது. அறுபதாயிரம்.
எண்ணாமல் தலையணைக்கடியில் வைத்தார்.
இந்தியில் ஒன்றே ஒன்று சொன்னார்:
எப்போதாவது தண்ணீர் காட்டுங்கள்,
இல்லாவிட்டால் உள்ளே ரப்பர் காய்ந்துவிடும்.

எங்கே போய்க் காட்டுவது?
பாலாற்றில் மணலே மிச்சமில்லை.
அகழியில் விழுந்தால் எடுக்க முடியாது.
பெயரிலேயே தண்ணீர் வைத்திருப்பவர்
கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் ஒருவர்தான்.
பக்கெட்டில் போட வெட்கமாக இருந்தது.

மாதம் ஒன்று கழித்து, குறைத்த பணத்தைக்
கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.
அந்த அறையில் அசாம்காரக் குடும்பம்.
மேனேஜர் நோட்டைப் புரட்டினார்.
ஊர் மட்டும் எழுதியிருந்தது. ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று
நோட்டில் எழுதுகிற வழக்கம் இல்லை.

நேற்று ராத்திரி தசரதனை எழுப்பி
கேமராவை வண்டியில் ஏற்றச் சொன்னேன்.
ஏகவல்லி அம்மாள் நிலம். ஆழ்துளையின் மூடியைக் கழற்றி,
சீமாஸ்டரை ஜீப் விளக்கில் ஒரு நிமிடம் காட்டி,
கேமராவுக்குக் கீழே நைலான் கயிற்றில் கட்டினேன்.
தசரதன் ஒன்றும் கேட்கவில்லை.
என்னிடம் எட்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறான்.

கேமரா விளக்கை அணைக்கச் சொன்னேன்.
இருநூறு அடி. ஐந்நூறு.
திரையில் பச்சைப் புள்ளிகளும் இரண்டு முள்ளும் தவிர
வேறெதுவும் இல்லை,
சுற்றிக்கொண்டே இறங்கின.
வயரும் முந்நூறு மீட்டர்தான். அது முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்
புள்ளிகள் ஒருமுறை நடுங்கின.
தண்ணியாண்ணா? என்றான் தசரதன்.
பாறையில் தட்டியிருக்கும் என்றேன்.
ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைத்தோம்.

இழுத்து மேலே எடுத்தபோது
கண்ணாடியில் மாவு மாதிரி வெள்ளைப் புழுதி.
சட்டையில் துடைத்தேன்.
அவ்வளவு ஆழத்தில் பாறை சுடும், எனக்குத் தெரிந்ததுதான்.
என்றாலும் யாரோ இப்போதுதான் கையிலிருந்து
கழற்றிக் கொடுத்த மாதிரி
வெதுவெதுப்பாக இருந்தது அது.

கட்டிக்குங்கண்ணா என்றான் தசரதன்.
பையில் போட்டுக்கொண்டேன்.